வெறும் வயிறும் விடியற்காலைக் குளிசையும்

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நமது கரையோர ஊர்களில், தைரொயிட்டுச் சுரப்பி சோர்ந்துவிட்டமையால் நாள்தோறும் விடியலில் ஒரு சிறு குளிசை விழுங்கும் தாய்மார் பலர். "நாளைக்கு வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வாருங்கள்" என்று சொல்லப்பட்டால் அன்று அக்குளிசையை விழுங்குவதா, விடுவதா? எமது மாணவன் ஒருவனின் உம்மா, சொன்னவரிடம் திருப்பிக் கேட்க அஞ்சி, மூன்று நாட் குளிசையை விட்டுவிட்டார். அன்று காலை ஒரு மிடறு தண்ணீரும் குடியாது வரிசையில் நின்றார். நம்மூரில் பட்டினி என்றால் நோன்பு. நோன்பில் தண்ணீருக்கும் இடமில்லை. பரிசோதனைக்கூடம் கேட்கும் பட்டினியோ வேறு. அதில் தண்ணீருக்குத் தடையில்லை. இதனை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

இக்குளிசையின் கதை கசாப்புக் கடையில் தொடங்குகிறது. 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர், உடல் ஊதி, பேச்சும் நடையும் மந்தித்துப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைரொயிட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழி ஏற்றினார். அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் மறைந்தார். ஊசி வேண்டியதில்லை, வாய்வழி உட்கொண்டாலே போதும் என்பது மறு ஆண்டிலேயே தெரியவந்தது. 1914ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைரொக்சினைப் பளிங்குருவில் பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினர்.

மருந்து இவ்வாறு முன்னேற, நோயை அளப்பது எப்படி? இங்குதான் பட்டினி வருகிறது. தைரொயிட்டு குன்றினால் உடல் உட்கொள்ளும் ஒட்சிசனும் குன்றும் என்பதை 1895இல் மக்னஸ் லெவி காட்டியிருந்தார். ஆகவே நோயாளியை இரவு முழுவதும் பட்டினியிருக்கச் செய்து, காலையில் அசையாது படுக்கவைத்து, மூச்சை அளந்தனர். உணவு செரிக்கும் வேலையே ஒட்சிசன் செலவை உயர்த்திவிடும் அல்லவா? அன்று அந்தப் பட்டினிக்குக் காரணம் இருந்தது.

1960இல் ரொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் கதிரியக்கத்தின் துணையால் இரத்தத்திலுள்ள இன்சுலினை நுட்பமாக அளக்கும் முறையை வெளியிட்டனர். (பெண்ணுக்கு மேற்படிப்பில் இடங்கிடைப்பது அரிதென்று முன்பு சுருக்கெழுத்துப் பழகியவர் இந்த யாலோ; 1977இல் நோபல் பரிசு பெற்றார்.) அதே வழியில், தைரொயிட்டை ஏவும் டி.எஸ்.எச். என்னும் சுரப்பையும் 1965 அளவில் அளக்க முடிந்தது. மூச்சை அளந்த காலம் மெல்ல முடிந்தது. இன்று தைரொயிட்டுச் சோதனைக்குப் பட்டினி கட்டாயமன்று. அதே ஊசியில் சீனியையும் கொழுப்பையும் பார்க்கும் பொருட்டே வெறும் வயிறு கேட்கப்படுகிறது.

அப்படியானால் குளிசை? விழுங்கியபின் சில மணி நேரத்துக்கு இரத்தத்தில் தைரொக்சின் சற்று உயர்ந்து நிற்கும். எனவே முதலில் இரத்தம், பின்னர் குளிசை என்பதே நேரிய முறை. மறந்துபோய் முன்னதாக விழுங்கியிருந்தால், அதைச் சொல்லிவிட்டாற் போதும். இம்மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் செல்லும். இரண்டு மணித் தாமதத்தால் ஒரு கேடும் இல்லை. மூன்று நாள் விடுவதோ வேறு செய்தி. அளவு இறங்கும், மருந்து போதவில்லை என்று மருத்துவர் கருதிக் கூட்டிவிடவும் இடமுண்டு. பயந்து கேளாமல் விட்ட கேள்வியின் விலை அது.

ஏனென்று சொல்லாது கட்டளையை மட்டும் சொல்பவர்கள் வெள்ளைச் சட்டைக்காரர் மட்டுமல்லர். கரும்பலகையின் முன் நாமும் அதையே செய்கிறோம். றமழான் மாதத்தில் சஹருக்கு அரைமணி முன்போ, இரவுணவின் பின் மூன்று மணி கழித்தோ குளிசையை வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம் என்பதும் நம் தாய்மார் பலருக்குத் தெரியாது.

அடுத்த தவணைக்கு அந்த உம்மா குளிசையை முந்தானைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். இரத்தம் எடுத்ததும் குழாயடியில் நின்று அதனை விழுங்கினார். மகன் வாங்கிவந்த பால் தேநீரை அரைமணி நேரம் ஆறவிட்டுத்தான் குடித்தாராம்.