வாளும் பேரேடும் ஏந்திய கரம்: ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி)



ஜவ்வாது மலையடிவார ஊர்களில் ஜனாஸா தொழுகைக்கு முன், மையித் எவருக்கேனும் கடன் தரவேண்டியிருந்தால் வாரிசுதாரர்களிடம் தெரிவிக்குமாறு அறிவிக்கக் கேட்டிருக்கிறோம். அவ்வறிவிப்பை நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுப் பருவந்தோறும் செய்வித்த ஒரு மகனையும், அவருடைய தந்தையையும் இம்மலரில் நினைவுகூர்கிறோம்.

தந்தை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய அத்தை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் புதல்வர் ஸுபைர் (ரலி). சுவன நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவர். பத்ரு (கி.பி. 624) முதல் யர்மூக் (636) வரை களம் கண்டவர். எகிப்தின் பாபிலோன் கோட்டை முற்றுகையில் ஏணி வைத்து மதிலேறியவர். அவர் தோளிலிருந்த வாள் தழும்புகளின் பள்ளத்தில் விரல்விட்டுச் சிறுவயதில் விளையாடியதாக, பின்னாளில் மதீனாவின் பேரறிஞராக விளங்கிய மகன் உர்வா நினைவுகூர்ந்துள்ளார். பகைவர் அஞ்சிய தோள், பிள்ளைக்கு விளையாட்டிடம்!

தொடக்கத்தில் குதிரையும் ஒட்டகமுமன்றி அவருக்குச் செல்வமில்லை. மனைவி அஸ்மா (ரலி), அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளாயிருந்தும், சுமார் இரண்டு மைல் தொலைவிலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார்.

பிற்காலத்தில் மக்கள் தம் பணத்தை ஸுபைரிடம் ஒப்படைக்க வந்தனர். அவரோ அதை அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகவே வாங்கிக்கொண்டார். காரணம் நுட்பமானது. அமானிதப் பொருள் காப்பவரின் கவனக்குறைவின்றித் தொலைந்தால் அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. கடனென்றால் எந்நிலையிலும் திருப்பித் தந்தாகவேண்டும். பொருள் தொலையுமோ என்ற அச்சத்தில் முழுப் பொறுப்பையும் தம் தலைமேல் ஏற்றார். வட்டி இல்லை, ஆயினும் அன்றைய அரபகத்தில் இதுவே வங்கி என்போம். ஆளுநர் பதவியோ வரி வசூலோ அவர் என்றும் ஏற்றதில்லை.

ஹிஜ்ரி 36 (கி.பி. 656), ஜமல் போர் நாள். கொல்லப்படுவோம் என உணர்ந்தவர், மகன் அப்துல்லாஹ்வை அழைத்துக் கடனைப் பற்றியே கவலையுடன் பேசினார். இயலாதபோது என் எஜமானனிடம் உதவி தேடு என்றார். எஜமானன் யாரென்று மகன் வினவ, அல்லாஹ் என்றார். களத்தைவிட்டு விலகிச் சென்ற அவர் வழியில் கொல்லப்பட்டார்.

கடன் 22 இலட்சம் திர்ஹம்! ரொக்கமாக ஒரு காசுமில்லை, நிலங்களும் வீடுகளுமே. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) விசாரித்தபோது மகன் முதலில் ஒரு இலட்சம் என்றே கூறினார். தந்தையின் கடனை வெளியிடத் தயங்கும் பிள்ளை மனம் நாம் அறியாததா? பிறகு, 1,70,000க்கு வாங்கிய காபா நிலம் 16 இலட்சத்துக்கு விலைபோயிற்று. கடன் முழுதும் தீர்ந்தது.

உடன்பிறந்தோர் பாகம் கேட்டனர். அப்துல்லாஹ் மறுத்தார். கடன் உள்ளோர் வருக என நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜில் அறிவிக்கச் செய்த பின்னரே சொத்தைப் பிரித்தார். மொத்தக் கணக்கின் கூட்டுத்தொகையில் விரிவுரையாளர்கள் வேறுபடுவர்; நமக்கு அது பெரிதன்று. மரண சாசனத்தின்படி மூன்றில் ஒரு பங்கு கழிந்தபின், மனைவியர் நால்வருக்கும் ஆளுக்கு 12 இலட்சம் கிடைத்தது.