பிழை எண் 28: ஐநோடு தீர்ந்த கதை

கடையம் வீட்டில் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, சேமிப்பகமாக வைத்திருக்கிறேன். பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரிப் பயிற்சிக்காக ஒவ்வொரு எழுத்தையும் தனிப் படமாக வெட்டி, என்எஃப்எஸ் வழியாக அதில் போடுவேன். பக்கத்துக்கு 1,500 எழுத்து, எழுத்துக்குச் சாய்த்தும் மங்கலாக்கியும் 100 நகல், மொத்தம் 400 பக்கம். ஒருநாள் மடிக்கணினி "இடமில்லை" என்று நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் 1 டெராபைட் வட்டில் முக்கால்வாசி காலி!

மண்டியில் மூட்டை அடுக்க இடம் கிடக்கு. வரவு எழுதும் பேரேட்டில்தான் தாள் தீர்ந்துபோச்சு. அந்தப் பேரேட்டின் ஒரு பதிவுதான் ஐநோடு. கோப்பு யாருடையது, எவ்வளவு பெரிது, வட்டில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கோப்பு சின்னதோ பெரிசோ, ஒன்றுக்கு ஒரு பதிவு.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பிடிபி-7இல் எழுதிய யூனிக்ஸிலேயே இந்தப் பேரேடு உண்டு. 1979இன் ஏழாம் பதிப்பில் ஐநோடு எண் வெறும் 16 பிட். அதனால் 65,535தான் உச்சம். பெர்க்லியில் மெக்குசிக் குழு 2,048 பைட்டுக்கு ஒன்று என ஒதுக்கியது. இதுவே தேவைக்கு மிக அதிகம் என்று 1984 கட்டுரையில் அவர்கள் கணித்தார்கள். இன்றைய எக்ஸ்ட்4இல் வழக்கமான விகிதம் 16,384 பைட்டுக்கு ஒன்று. 1 டெராபைட்டுக்குச் சுமார் 6.1 கோடி. சின்னக் கோப்பு ஒவ்வொன்றும் 4 கேபி பிடித்தால், சுமார் 250 ஜிபியிலேயே பேரேடு முடிந்துவிடும். என் வட்டு கால்வாசியில் நின்ற கணக்கு இதுதான்.

வலைப்பின்னல் வந்ததும் சிக்கல் இன்னும் மறைந்துகொண்டது. 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட என்எஃப்எஸ் இரண்டாம் பதிப்பில், 'எவ்வளவு மிச்சம்?' என்று கேட்டால் இடத்தின் கணக்கு மட்டுமே வரும். ஐநோடு எண்ணிக்கைக்குப் பதிலில் இடமே வைக்கவில்லை. 1995இல் வந்த மூன்றாம் பதிப்புதான் அதைச் சேர்த்தது. ஆனால் பிழை எண் மாறவில்லை. வட்டு நிறைந்தாலும் பேரேடு நிறைந்தாலும் இன்றைக்கும் அதே 28தான்.

ஆகவே 28 வந்தால் முதலில் 'டிஎஃப் -ஐ' பாருங்கள். எந்தக் கோப்புறை தின்கிறது என்பதை 'டியு --ஐநோட்ஸ்' சொல்லும். இதைச் சேவையகத்திலேயே ஓட்டுங்கள்; வலைப்பின்னல் வழியாக ஓட்டினால் கோப்புக்கு கோப்பு விசாரித்து விடிந்துவிடும். '.என்எஃப்எஸ்' என்று தொடங்கும் அநாதைக் கோப்புகளும் கிடக்கலாம். திறந்திருக்கும் கோப்பை அழித்தபின் அந்தக் கணினி செயலிழந்தால் மிஞ்சுபவை அவை.

எக்ஸ்ட்4இல் இருக்கிற வட்டுக்கு ஐநோடு மட்டும் கூட்ட முடியாது; வேறு விகிதம் வேண்டுமானால் மறுபடி ஃபார்மட்தான். 1994இல் வந்த எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப உண்டாக்கிக்கொள்ளும். நான் வட்டை மாற்றவில்லை. பக்கத்துக்கு ஒரு டார் கோப்பாகக் கட்டிவிட்டேன். 6 கோடி இப்போது 400.