பென்டிரைவ் இல்லை, முத்திரை மோதிரம்

 

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நம் பழைய மாணவர் போனில் கேட்டார்: "சார், டிஎஸ்சி டோக்கனைச் செருகினா கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்குது. நாளைக்குள்ள படிவம் போகணும். சரித்திர வாத்தியார்கிட்ட இதைக் கேக்கறேன்னு சிரிக்காதீங்க." சிரிக்கவில்லை. இது சரித்திரப் பாடம்தான்.

நமக்குப் பக்கத்து மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905-ல் கிடைத்த ராஜேந்திர சோழன் செப்பேடுகளைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 31 ஏடுகள், அவற்றைக் கோத்த ஒரு வளையம், வளையத்தின் முனைகள் சேரும் இடத்தில் புலியும் இரு மீன்களும் வில்லும் பொறித்த முத்திரை. நடுவில் ஓர் ஏட்டைச் செருக வேண்டுமானால் வளையத்தை அறுத்தாக வேண்டும், அறுத்தால் தெரிந்துவிடும். கொடுத்தவர் யார், கொடுத்த பிறகு யாராவது கைவைத்தார்களா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே வளையம் பதில் சொன்னது. மின் கையொப்பம் செய்வதும் இந்த இரண்டு வேலையைத்தான்.

1974-ல் பிரான்ஸ் நாட்டு ரோலன் மொரேனோ சிப் அட்டைக்குக் காப்புரிமை கேட்டார். அவர் முதலில் நினைத்தது அட்டையை அல்ல, விரலில் போடும் முத்திரை மோதிரத்தில் சிப்பைப் பதிப்பதை! (நம்ம ஊர்க் கணையாழிக் கதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.) 1976-ல் அமெரிக்காவில் டிஃபியும் ஹெல்மனும் இரட்டைச் சாவி என்ற கருத்தை வெளியிட்டார்கள். ஒரு சாவி ரகசியம், மற்றது ஊருக்கே தெரியலாம். இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் மேசையில் கிடக்கும் டோக்கன். பார்வைக்குப் பென்டிரைவ், உள்ளே ஸ்மார்ட் கார்டின் சிப். ரகசியச் சாவி அந்தச் சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. கம்ப்யூட்டர் ஆவணத்தின் சுருக்கத்தை உள்ளே அனுப்பும், சிப் கையெழுத்திட்டுத் திருப்பித் தரும். அதனால்தான் டோக்கனை காப்பி எடுக்க முடியாது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ் வழங்க 2002-ல் முதல் உரிமம் பெற்றது சென்னையின் சத்யம் இன்ஃபோவே குழுமத்தைச் சேர்ந்த சேஃப்ஸ்கிரிப்ட். 2006 பிப்ரவரியில் கம்பெனிகள் பதிவுத்துறையின் எம்சிஏ-21 திட்டம் முதலில் கோயம்புத்தூரில்தான் சோதனையாகத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து காகிதம் கிடையாது. சிப்காட் கம்பெனிகளுக்கெல்லாம் டோக்கன் வந்தது அப்படித்தான்.

பிறகு ஏன் இத்தனை தகராறு? பல காலத்துச் சரக்கு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால். எந்த நிறுவனத்தின் சிப்பும் எந்தக் கம்ப்யூட்டரோடும் பேசட்டும் என்று 1997-ல் பிசி/எஸ்சி என்ற பொது விதி வந்தது. அதற்குமேல் டோக்கன் கம்பெனியின் மென்பொருள், அதற்குமேல் பிரவுசர். ஆரம்பத்தில் பிரவுசருக்குள் ஜாவா ஓடி டோக்கனைத் தொட்டது. 2015-ல் குரோம் பாதுகாப்புக் கருதி அந்த வாசலை மூடியது, 2017-ல் ஃபயர்ஃபாக்ஸும் மூடியது. அப்புறம் வந்ததுதான் எம்சைனர் போல, கம்ப்யூட்டரில் தனியாக ஓடும் இடைத்தரகர் நிரல்.

ஆகவே கீழிருந்து மேலே பாருங்கள். டோக்கனில் விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் வேறு யுஎஸ்பி துளை. விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் 'ஸ்மார்ட் கார்டு' ஓடுகிறதா? டோக்கனின் சொந்த மென்பொருளில் சான்றிதழ் தெரிகிறதா, காலாவதி தேதி என்ன? அங்கே தெரிந்து இணையதளத்தில் தெரியாவிட்டால் டோக்கன்மேல் பழி இல்லை. எம்சைனரை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆகத் திறங்கள். ஜிஎஸ்டி தளம் அதோடு 1585 என்ற போர்ட் வழியாகப் பேசும், ஆன்டிவைரஸ் அதை மறித்திருக்கலாம். பாஸ்வேர்டை மட்டும் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்காதீர்கள். சில தடவை தவறினால் சிப் பூட்டிக்கொள்ளும், பெரும்பாலும் புதுச் சான்றிதழ்தான் வாங்க வேண்டும்.

நம் மாணவருக்கு இதில் எதுவும் இல்லை. டோக்கன் சர்வரில் செருகியிருந்தது, அவர் தன் இடத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்திருந்தார். அப்படி நுழைந்தால் விண்டோஸ் சர்வரில் உள்ள டோக்கனைக் காட்டாது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரில் செருகியதைத்தான் தேடும். டோக்கனைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றினார், வேலை முடிந்தது. 2018 ஜூலையிலிருந்து ஆண்டறிக்கைப் படிவங்களுக்குத் தாமதம் நாளொன்றுக்கு 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பும் இல்லை. அவர் பதறியதில் நியாயம் உண்டு.

2020 ஊரடங்கில் டோக்கன்கள் பூட்டிய அலுவலகங்களுக்குள் மாட்டிக்கொண்டன. கம்பெனிகள் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை மொபைல் ஓடிபி வழியே சரிபார்த்துச் செலுத்தலாம் என்று அரசே ஏப்ரல் 21 முதல் தற்காலிகமாக விலக்குத் தர வேண்டியிருந்தது.

பேச்சுவாக்கில் அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறுத்தியது. இயக்குநர்கள் எல்லாருடைய டோக்கனும் அவர் டிராயரில், ஒவ்வொன்றிலும் பாஸ்வேர்டு எழுதி ஒட்டி. நம்பிக்கை என்கிறார். சட்டத்தின் 42-ஆம் பிரிவு ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைக்கும் பொறுப்பைச் சான்றிதழ்தாரர் மேல் வைக்கிறது. நாளை ஒரு படிவம் வழக்குக்குப் போனால், கையெழுத்து அவருடையது, கை உங்களுடையது என்று ஆகும். தம்பி, அந்தச் சீட்டுகளை இன்றே கிழித்துவிட்டு டோக்கன்களை உரியவர்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள். விலகிப்போன இயக்குநரின் டோக்கன் ஏதும் உள்ளே கிடந்தால் அவரிடம் சொல்லி, சான்றிதழ் வழங்கிய நிறுவனத்தில் ரத்து செய்யச் சொல்.