பெருவிலங்குக்கு எந்தக் குண்டு? ஷிகார் நூல்களிலிருந்து டம்டம் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஷிகார் நூல்களைப் புரட்டும் ஆய்வாளர்கள் புலியையும் யானையையும் காட்டையும் தேடிச் செல்கின்றனர். இடையே ஈயம், வெடிமருந்து, குண்டின் எடை ஆகியவற்றை விரித்துரைக்கும் பக்கங்களைப் பெரும்பாலும் தள்ளிவிடுகின்றனர். இந்தப் பதிவு அந்தப் பக்கங்களைப் பற்றியது. பெருவிலங்கை வீழ்த்த எந்தக் குண்டு ஏற்றது என்று காலனிய இந்தியாவில் நிகழ்ந்த விவாதத்தையும், எந்த மனிதர்மீது எந்தக் குண்டைப் பயன்படுத்தலாம் என்று 1890களில் நிகழ்ந்த விவாதத்தையும் தனித்தனியே படிக்க இயலாது என்பதே என் வாதம்.

ஒரு சொல் விளக்கம். தோட்டா என்பது உறை, மருந்து, குண்டு அனைத்தும் சேர்ந்தது. குண்டு என்பது குழலைவிட்டுப் பறந்து சென்று தைக்கும் பகுதி மட்டும். நம் கேள்வி குண்டைப் பற்றியது.

வேட்டைக்காரரின் சிக்கல் எளிமையானது போலத் தோன்றும், எளிமையானதன்று. குண்டு ஆழமாகச் செல்லவும் வேண்டும், உடலுக்குள் விரிந்து அகலமான புண்ணை உண்டாக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுபவை. தூய ஈயம் மென்மையானது. சதையில் பட்டதும் காளானைப் போல் விரியும், ஆனால் விரைவில் நின்றுவிடும். கெட்டியான குண்டு ஆழமாகப் பாயும், ஆனால் விரியாமல் மறுபுறம் வெளியேறிச் சிறு துளையை மட்டுமே விட்டுச் செல்லக்கூடும். யானையின் மூளை, தேன்கூட்டைப் போன்ற அறைகள் நிறைந்த தடித்த கபால எலும்புக்குப் பின்னால் இருக்கிறது. காட்டுமாட்டின் தோளில் தசையும் எலும்பும் அடர்ந்திருக்கின்றன. புலியின் தோலோ மெல்லியது. ஆனால் அது மிக அருகிலிருந்து பாய்வது. ஆகவே எல்லா விலங்குக்கும் பொதுவான குண்டு என்று ஒன்று இருக்க முடியவில்லை.

கருமருந்துக் காலத்தில் இதற்குக் கண்ட தீர்வு பருமன். துப்பாக்கியின் துளையளவை ‘போர்’ என்ற சொல்லால் குறித்தனர் (சண்டையைக் குறிக்கும் நம் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை). ஒரு பவுண்டு ஈயத்திலிருந்து அத்துளைக்குப் பொருந்தும் எத்தனை உருண்டைகள் வார்க்கலாம் என்பதே அந்த எண். எட்டு போர் துப்பாக்கியின் உருண்டை ஏறத்தாழ 57 கிராம். நான்கு போர் எனில் அதன் இருமடங்கு. மைசூர் அரசின் யானை பிடிக்கும் பணியில் இருந்து, 1878இல் தம் பதின்மூன்றாண்டு அனுபவத்தை நூலாக்கிய ஜி. பி. சாண்டர்சன், யானைக்கும் காட்டுமாட்டுக்கும் இத்தகைய பெருந்துப்பாக்கிகளையே நம்பியவர்.

இலங்கையில் நுவரெலியாவில் வாழ்ந்து, பின்னர் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் இக்கேள்வியை மேலும் நுட்பமாக அணுகினார். 1890இல் வெளிவந்த நூலில், புலி போன்ற மெல்லிய தோல் விலங்குகளுக்கு .577 அங்குல ரைஃபிளில் கலப்பற்ற ஈயக் குண்டையும், தடித்த தோல் விலங்குகளுக்குக் கெட்டிப்படுத்திய குண்டையும் அவர் பரிந்துரைத்தார். மெல்லிய தோல் விலங்கின் உடலில் குண்டு விரிந்து, தன் முழு விசையையும் உள்ளேயே செலவிட்டு, மறுபுறத் தோலுக்கு அடியில் தங்கிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. ஊடுருவி வெளியேறும் குண்டு தன் வலிமையில் ஒரு பகுதியை வீணாக்குகிறது. அக்காலத்தில் பரவியிருந்த ‘எக்ஸ்பிரஸ்’ ரைஃபிள்களின் நுனி குழிந்த இலேசான குண்டுகளை அவர் கடுமையாக எதிர்த்தார். அவை மானுக்குப் போதும். பெரிய எலும்பில் பட்டால் ஆழத்துக்குச் செல்லாமல் மேலேயே சிதறிவிடும்.

இதை வெறும் பொழுதுபோக்காளரின் நுணுக்க ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. தவறான குண்டின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். காயம்பட்டுப் புதருக்குள் மறைந்த புலியின் இரத்தத் தடத்தைப் பின்பற்றி முன்னே நடந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தடங்காண்போர். சாண்டர்சனின் சாமராஜநகர்ப் பகுதியில் அவர்கள் சோலிகரும் குறும்பரும். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு உரிமம் கோரியது. ஐரோப்பியர்களுக்கோ விலக்கு அளித்தது. குமாவூனில் 1907இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வலப்புறக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையை அது விட்டதற்கு அக்காயமே காரணம் என்று கார்பெட் கருதினார். யாரோ சுட்டு, கொல்லாமல் விட்ட ஒரு குண்டு அக்காயத்தின் பின்னால் இருந்தது. விரைவாகக் கொல்லும் குண்டே கருணையான குண்டு என்ற ஷிகார் நூல்களின் அறநெறிக்கு இத்தகைய பின்புலம் உண்டு.

இனி இதே அறிவின் மறுபக்கம். சிந்துவின் எல்லைப்படைத் தளபதி ஜான் ஜேக்கப் (இன்றைய ஜேக்கபாபாத் அவர் பெயரைத் தாங்குவது) 1850களில், பட்டவுடன் வெடிக்கும் ரைஃபிள் குண்டு ஒன்றை உருவாக்கினார். தொலைவிலுள்ள வெடிமருந்து வண்டிகளைத் தகர்ப்பது அதன் நோக்கம். பின்னர் அது பெருவிலங்கு வேட்டைக்காரர்களின் கைக்கும் போயிற்று. 1868இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் குண்டுகளைப் போரில் தடைசெய்தது. எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும், அதற்கு மேல் துன்பத்தைக் கூட்டுவது மனிதநேயத்துக்கு எதிரானது என்பது அதன் அடிப்படை. ஆயினும் கையொப்பமிட்ட நாடுகளுக்கிடையிலான போர்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது.

இருபதாண்டு கழித்துப் போர்க்குண்டின் இயல்பே மாறியது. மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் 11 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமனுள்ள ஈயக் குண்டு உடலில் விரியக்கூடியது. 1888இல் வந்த லீ-மெட்ஃபோர்டின் குண்டோ 7.7 மில்லிமீட்டர்; எடை 14 கிராம். கார்டைட் மருந்து வந்தபின் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர். அவ்வேகத்தில் வெற்று ஈயம் குழலின் சுழல்வரிகளில் உரிந்துவிடும் என்பதால், அதை நிக்கல் கலந்த செம்பு உறையால் மூடினர். உறை முழுமையாக மூடியிருந்ததால் குண்டு விரியவில்லை. 1895ஆம் ஆண்டுச் சித்ரால் படையெடுப்பில், குண்டுபட்ட எல்லைப்புற வீரர்கள் நிற்காமல் தொடர்ந்து வந்தனர் என்று புகார்கள் எழுந்தன.

விடை கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. 1857 சனவரியில் கொழுப்பு தடவிய தோட்டாக்கள் பற்றிய பேச்சு முதலில் எழுந்த அதே டம்டம். தொழிற்சாலைக் கண்காணிப்பாளர் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே, குண்டின் நுனியில் உறையைச் சற்றே நீக்கி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஈயம் வெளியே தெரியுமாறு செய்தார். அச்சிறு மாற்றம் போதுமானதாக இருந்தது. குண்டு மீண்டும் காளானாக விரிந்தது. 1897-98ஆம் ஆண்டுத் திராஹ் படையெடுப்பில் அது பயன்பட்டது. இங்கிலாந்தின் வுல்விச்சில் நுனி குழிந்த மற்றொரு வடிவமும் தயாரானது.

1898இல் டூபிங்கன் நகர அறுவை மருத்துவர் பால் வான் புருன்ஸ் தம் சோதனைகளின் வழியே இத்தகைய குண்டுகளின் கொடுமையை ஐரோப்பாவுக்குக் காட்டினார். அவர் பயன்படுத்தியவை ஈயநுனி நீண்டு வெளித்தெரிந்த மவுசர் வேட்டைக் குண்டுகள். பிரிட்டிஷ் மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் உடனே மறுத்தார்: அது வேட்டைக் குண்டு, எங்களுடையது போர்க்குண்டு, இரண்டும் ஒன்றல்ல. தொழில்நுட்ப நோக்கில் அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஈயநுனியின் நீளம் வேறுதான். ஆனால் டம்டம் குண்டின் தற்காப்பே ‘இது வேட்டைக் குண்டன்று’ என்ற வாக்கியத்தில் தங்கியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் பிரிட்டனின் இராணுவப் பிரதிநிதி ஜான் ஆர்டா முன்வைத்த வாதம் அந்த வாக்கியத்தையே கவிழ்த்துவிட்டது. நாகரிகப் படைவீரன் காயம்பட்டால் மருத்துவ உதவியை நாடிப் பின்வாங்குவான், ‘காட்டுமிராண்டி’யோ பலமுறை துளைக்கப்பட்டும் முன்னே பாய்ந்து வருவான், ஆகையால் அவனுக்கு வேறு குண்டு தேவை என்பது அதன் சாரம். இதைப் பேக்கரின் நூலுக்கு அருகில் வைத்துப் படியுங்கள். மெல்லிய தோல், அருகிலிருந்து பாய்ச்சல், ஊடுருவிச் செல்லும் குண்டின் பயனின்மை, விரியும் குண்டின் தேவை: வேட்டை நூலில் புலிக்குரிய இலக்கணம் இங்கே மனிதனுக்கு எழுதப்பட்டிருக்கிறது. காலனியப் போர்களின் ‘காட்டுமிராண்டி’ப் படிமத்தை இனவாதச் சொல்லாடலாகக் கிம் வாக்னர் போன்றோர் ஆராய்ந்துள்ளனர். அச்சொல்லாடலுக்கு ஒரு தொழில்நுட்பப் பிறப்பிடமும் உண்டு என்பதையே நான் இதனோடு சேர்க்க விரும்புகிறேன். விலங்குகளைத் தோலாலும் பாய்ச்சலாலும் வகைப்படுத்தி வகைக்கொரு குண்டு ஒதுக்கும் பழக்கம், மனிதரையும் அவ்வாறே வகைப்படுத்துவதை இயல்பானதாகத் தோன்றச் செய்தது.

இரு துறைகளுக்கும் பொதுவான மனிதர்கள் இருந்தனர் என்பதையும் மறக்கலாகாது. 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் கண்காணிப்பாளராக இருந்தவர் ஜான் ரிக்பி. லீ-மெட்ஃபோர்டு படைக்கு வந்தது அக்காலத்தில். அவருடைய நிறுவனமே 1898 வாக்கில் கார்டைட் மருந்தில் இயங்கும் .450 அங்குலப் பெருவிலங்கு ரைஃபிளை அறிமுகப்படுத்தியது. 31 கிராம் எடையுள்ள அதன் குண்டு முழு உறையுடனும் ஈயநுனியுடனும் இருவகையாகக் கிடைத்தது. முன்னது யானைக்கு, பின்னது புலிக்கு. மார்ட்டினி-ஹென்றிக்குப் பயன்படும் குண்டுகள் கிளர்ச்சியாளரிடம் சேரக்கூடும் என்ற அச்சத்தில், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 அளவு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதனாலேயே .465, .470 போன்ற புதிய அளவுகள் தோன்றின. வேட்டைக்காரர் எந்தக் குண்டைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பேரரசின் பாதுகாப்பும் முடிவு செய்தது.

ஹேக் பிரகடனம் 1899 சூலை 29 அன்று விரியும் குண்டுகளைத் தடைசெய்தது. வாக்கெடுப்பில் பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரிட்டன் 1907இல்தான் இணைந்தது. இதுவும் கையொப்பமிட்டோருக்கு இடையிலான போரை மட்டுமே கட்டுப்படுத்தியது. திராஹின் அஃப்ரீதிகள் எந்த மாநாட்டிலும் கையொப்பமிட்டவர்கள் அல்லர். அதே ஆண்டு தொடங்கிய தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் சிலர் தங்கள் மான்வேட்டைத் தோட்டாக்களோடு களத்திற்கு வந்தபோது, அக்குண்டுகளின் கொடுமை பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு உடனே புலப்பட்டது.

இன்றும் இம்முரண் தீர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தின் மான்கள் சட்டம் மானைச் சுட விரியும் குண்டையே கட்டாயமாக்குகிறது. உறை மூடிய குண்டு விலங்கைத் துன்புறுத்தும் என்பது காரணம். 1998ஆம் ஆண்டு ரோம் சட்டம் அதே வகைக் குண்டைப் போரில் மனிதர்மீது பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. இரண்டும் துன்பத்தைக் குறைப்பதன் பெயரால் இயற்றப்பட்டவை. இரண்டுக்கும் உள்ளே தனித்தனி நியாயம் உண்டு. விலங்கைச் சுடுபவர் அது சாக வேண்டும் என்று விரும்புகிறார். போர்ச் சட்டமோ எதிரி வீழ்ந்தால் போதும், அவன் பிழைத்துக்கொள்ளலாம் என்று கருதுகிறது. ஆகவே டம்டம் குண்டை ஆதரித்தவர்கள் எந்தப் பக்கத்து நியாயத்தைக் கையிலெடுத்தனர் என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி.

நூலகங்களில் ஷிகார் நூல்கள் இயற்கை வரலாற்று அடுக்கிலும், படைக்கலக் கோப்புகள் இராணுவ அடுக்கிலும் இருக்கின்றன. ஜான் மெக்கன்சி, மகேஷ் ரங்கராஜன் ஆகியோரின் பணிகள் வேட்டையை அதிகாரத்தின் வரலாறாகப் படிக்க நமக்குக் கற்றுத் தந்தன. எல்லைப்புறப் படையெடுப்புகள் பற்றியோ வனத்துறை வரலாறு பற்றியோ ஆய்வு செய்யும் மாணவர்கள், நூலின் பிற்சேர்க்கையில் ஒதுங்கிக் கிடக்கும் குண்டுப் பட்டியல்களையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன். எந்த விலங்குக்கு எது என்று அங்கே எழுதப்பட்டிருப்பதை, அதே பத்தாண்டின் படைத்துறை அறிக்கைகளோடு ஒப்பிட்டு எழுதுவதற்கு இன்னும் நிறைய இடமிருக்கிறது.