தரமும் விருதும்

பொருளின் தரத்துக்குச் செய்தவனின் பெயரே சான்றாயிருந்த காலம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனங்கட்டி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாளையிலிருந்து வடியும் சாறு புளித்துவிடாதபடி முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுவர். சுண்ணாம்பு குறைந்தாற் சாறு கள்ளாகும்; மிகுந்தாற் கட்டியின் சுவை கெடும். காய்ச்சிய பாகின் துளியைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்த பின்னரே ஓலைக் குட்டானில் வார்ப்பர். இவையாவும் கைப்பழக்கத்தால் வந்த அறிவு. எவரும் அதனை ஏட்டில் எழுதிவைத்தாரல்லர்.

பொருள் ஊர் கடந்து, முகமறியாதார் கைக்குச் சென்றபோது அந்தச் சான்று போதாதாயிற்று. அக்குறையை நிரப்ப அரசு முன்வந்தது. 1964ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இலங்கையிற் கட்டளைகள் பணியகத்தைத் தோற்றுவித்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாயிற்று. அது வழங்கும் எஸ்.எல்.எஸ். முத்திரை, பொருள் குறித்த அளவுக்கு இணங்கியது என்பதைக் காட்டும்.

முத்திரை பொருளைச் சோதிப்பது. விருதோ அதனை ஆக்கும் நிறுவனத்தையே சோதிப்பது. இவ்வகை விருதுக்கு வழிகாட்டியது யப்பான். அந்நாட்டு விஞ்ஞானிகள், பொறியியலாளர் சங்கம் 1951இல் டெமிங் பரிசை நிறுவியது. யப்பானியப் பொருள்களின் போட்டியால் நெருக்குண்ட அமெரிக்கா, 1987இற் சட்டமியற்றி, அவ்வாண்டு காலமான வர்த்தகச் செயலாளர் மல்கம் போல்ட்ரிஜின் பெயரால் அரச விருதொன்றை ஏற்படுத்தியது. தலைமை, திட்டமிடல், வாடிக்கையாளர், ஊழியர், பெறுபேறு முதலிய பிரிவுகளில் நிறுவனங்கள் மதிப்பிடப்படும். விருது பெறாதார்க்கும் தம் குறைநிறைகளைக் கூறும் அறிக்கை கிடைக்கும். அவ்வறிக்கையே விருதின் உண்மைப் பயன் எனலாம். இம்முறையைத் தழுவி, 1990களின் நடுப்பகுதியில் இலங்கைத் தேசிய தர விருது உருவாயிற்று.

அந்த ஆண்டுகளிற் குடாநாட்டின் நிலை யாது? 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சிமெந்துத் தொழிற்சாலை 1990இல் யுத்தத்தால் நின்றுபோயிற்று. எரிபொருள் முதலிய பல பொருள்களுக்குத் தடை இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் கைப்பையுடன் ஊரை விட்டு நீங்கினர். ஏ-9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2009இலேயே நிலையாகத் திறந்தது. தெற்கின் நிறுவனங்கள் பதிவேடு வைக்கவும், தம்மைத் தாமே அளக்கவும் பயின்ற காலத்தில், வடக்கின் தொழிலாளர் உயிரையும் தளவாடங்களையும் காக்கப் போராடினர். ஆதலால் இங்குள்ளோர் பின்தங்கியதைத் திறமைக்குறைவென்று கொள்வது நீதியாகாது.

எனினும் சந்தை அந்நியாயத்தைக் கணக்கிற் கொள்வதில்லை. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் பனம்பொருளுக்கு ஆதரவளித்து வந்துள்ளன. ஆயினும் இன்று வாங்குவோன் கேட்பது ஒன்றே: நேற்று வாங்கிய கட்டியும் நாளை வாங்குவதும் ஒரே தன்மையுடையனவா? இக்கேள்விக்கு விடையளிக்கக் கைப்பழக்கம் மட்டும் போதாது. சுண்ணாம்பின் அளவும், பாகு காய்ந்த நேரமும், கட்டியின் ஈரமும் எழுதப்படல் வேண்டும். முதியோர் கையிலுள்ள அவ்வறிவு அவர்களோடு மறையுமுன் ஏட்டில் ஏறுமாயின், விருது கிட்டினும் கிட்டாவிடினும் குடாநாட்டுக்கு அது நிலைத்த ஆதாயமாகும்.