நெல்லையின் கண்களும் லேசர் தரும் வாக்கும்

தாமிரபரணிக் கரையில் கண் ஆபரேஷன் என்றால் நெடுங்காலம் அது புரை ஆபரேஷன்தான். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கிய நாளில், போன பார்வையோடு வாழக் கற்றுக்கொடுப்பதே பெருந்தொண்டு. பார்வையைத் திருப்பித் தருவது எளியவருக்கும் எட்டும் காரியமானது கண் சிகிச்சை முகாம்கள் வந்த பிறகு. அன்றைய நெல்லை மாவட்டத்தில், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைச் செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988இல் நெல்லைக்கும் வந்தது. அந்தக் காலத்தில் புரையோடு லென்ஸையும் எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். கண்ணாடி உடைந்தால் பார்வையும் போயிற்று. 1992இல் மதுரையில் ஆரோலேப் உள்விழி லென்ஸ் தயாரிக்கத் தொடங்கி, விலை இறங்கிய பிறகே ஏழைகளின் கண்ணுக்குள்ளும் லென்ஸ் வந்தது.

இந்த வரலாறு ஜனங்களின் மனதில் ஒரு கணக்கைப் பதித்துவிட்டது: தெரியாத கண் தெரியும், ஒரே தடவையில் முடியும், இழப்பதற்கு ஒன்றுமில்லை. புரைக்கு இது சரியான கணக்கு. கண்ணாடியைக் கழற்றுவதற்கான லேசருக்கு அதே கணக்கைப் போடுவதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது என்பது என் வாதம். நுண்ணொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையையும் ஊரில் லேசர் என்றே சொல்வதால் இந்தக் குழப்பம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது. புரை நோயாளி நோயுற்ற கண்ணோடு வருகிறார். லேசருக்கு வருகிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கண்ணோ கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற, ஆரோக்கியமான கண். அவர் வசதிக்காக அந்தக் கண்ணில் கை வைக்கிறோம்.

அந்த லேசரின் பிறப்பில் ஒரு சென்னைக்காரருக்குப் பங்குண்டு. அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மீது 193 நானோமீட்டர் புறஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல், வெட்டு துல்லியமாக விழுந்தது. இரண்டே ஆண்டில் ஸ்டீபன் ட்ரோக்கெல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து அதைக் கருவிழியில் சோதித்தார்கள். இன்று லாசிக் முறையில் கருவிழியின் மேலேட்டைத் திறந்து, அடியிலுள்ள திசுவை இந்தக் கதிரால் செதுக்கி, ஏட்டை மூடிவிடுகிறார்கள். கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஒரு டயாப்டர் மைனஸ் பவருக்கு ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் செதுக்க வேண்டும். செதுக்கியது திரும்ப வளராது. கருவிழி மெலிந்தவர், கூம்பிப்போகும் அறிகுறி உள்ளவர், பவர் இன்னும் ஏறிக்கொண்டிருப்பவர் ஆகியோரை மருத்துவர்கள் திருப்பி அனுப்புவது இதனால்தான். எல்லோரையும் ஏற்றுக்கொண்டது முகாமின் பெருமை. தகுதியில்லாதவரிடம் வேண்டாம் என்று சொல்வது லேசர் அறையின் கடமை. மறுக்கப்பட்டவர் வேறு ஆஸ்பத்திரி தேடி ஓடுவது பெரும் ஆபத்து.

ஆயிரக்கணக்கானோர் செய்துகொண்டு நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். சொட்டு மருந்தால் மரத்த கண்ணில் வலி பெரிதாக இருக்காது. ஏடு திறக்கையில் அழுத்தமும் சில நொடி இருட்டும் வரும். லேசர் ஓடும்போது பொசுங்குவது போன்ற வாடை வரும். சில மணி நேரம் கண் உறுத்தி நீர் வடியும். மறுநாளே பெரும்பாலோருக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்குப் பின்னும் சில மாதங்கள் கண் வறட்சி இருக்கலாம், இரவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றலாம். கண்ணைக் கசக்கக் கூடாது. சில வாரங்களுக்குக் குறுக்குத்துறை ஆற்றில் முங்கவோ குற்றால அருவியில் தலை கொடுக்கவோ கூடாது. கோடை விடுமுறை முடிகிற நேரத்தில் லேசர் செய்துகொண்டு, ஜூனில் சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் கிளம்ப நினைக்கும் மாணவர் இதை முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியைக் குறையாகச் சொல்லும் சமூகத்தில், லேசரை வெறும் அழகு ஆசை என்று ஒதுக்குவது நியாயமா என்பது கனமான கேள்வி. அந்த வலியை நான் சிறிதாக மதிக்கவில்லை. வேண்டுகிறவர் தகுதியுள்ளவராக இருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளட்டும். ஆனால் முகூர்த்தத் தேதியைப் பார்த்துக் கண்ணுக்கு நாள் குறிக்கக் கூடாது. பவர் குறைந்தது ஓராண்டாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். வயதும் கணக்கில் வரும். பத்தமடையில் மெல்லிய கோரையைக் கோத்துப் பாய் நெய்பவரோ மேலப்பாளையத்தில் பீடி சுற்றுபவரோ நாற்பதைத் தாண்டியவர் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் மூன்று பவர் உள்ள அவருக்கு, கண்ணாடியைக் கழற்றிவிட்டால் கையருகே உள்ளது துல்லியமாகத் தெரியும். லேசரால் தூரத்தைச் சரிசெய்தால் அந்த வசதி போய்விடும். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். நாள் முழுக்கக் கிட்டத்தில் பார்த்துப் பிழைக்கிறவருக்கு இது லாபமா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசியாக வேண்டும்.

பின்னாளில் புரை வருவதையும் லேசர் தடுக்காது. உள்விழி லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை அளந்து கணிக்கிறார்கள். லேசர் செதுக்கிய கருவிழியில் வழக்கமான கணக்கு பிசகும். இன்று இருபத்தைந்து வயதில் செய்துகொள்கிறவர், ஆபரேஷனுக்கு முந்தைய பவரும் கருவிழி அளவுகளும் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். அறுபது வயதில் புரைக்கு லென்ஸ் வைக்கும் மருத்துவர் முதலில் கேட்பவற்றில் அந்தத் தாளும் இருக்கும்.