ஒரே சீசனில் 60 கோல், சம்பள வரம்பு 8 பவுண்ட்: யார் இந்த டிக்ஸி டீன்?

2022-23 சீசனில் மான்செஸ்டர் சிட்டிக்காக எர்லிங் ஹாலண்ட் 36 கோல் அடித்தபோது, ‘பிரீமியர் லீக்கில் புதிய சாதனை’ என்று உலகமே கொண்டாடியது. ஆனால் இங்கிலாந்தின் முதல் டிவிஷனில், 1927-28லேயே ஒருத்தர் 39 ஆட்டங்களில் 60 கோல் அடித்துவிட்டார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை.

யார் அவர்?

வில்லியம் ரால்ஃப் டீன். ரசிகர்களுக்கு ‘டிக்ஸி’. 1907-ல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்கன்ஹெட்டில் பிறந்தவர். உள்ளூர் கிளப்பான டிரான்மியர் ரோவர்ஸில் தொடங்கி, 1925-ல், 18 வயதில், 3,000 பவுண்டுக்கு எவர்டன் அணிக்குப் போனார். அடுத்த வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டையோடும் தாடையும் உடைந்தன. இனி விளையாடுவாரா என்பதே சந்தேகம் என்ற நிலையில், சில மாதங்களில் களத்துக்குத் திரும்பினார். அதன்பிறகும் தலையால் முட்டி கோல் போடுவதுதான் அவருடைய பெரிய பலம்!

60 கோல் எப்படிச் சாத்தியமானது?

1925-ல் ஆஃப்சைடு விதி மாறியது. பந்து பாஸ் செய்யப்படும்போது, ஃபார்வர்டுக்கு முன்னால் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது இரண்டாகக் குறைந்தது. கோல்கள் குவிந்தன. மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 1926-27ல் இரண்டாம் டிவிஷனில் 59 கோல் அடித்தார். அடுத்த சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முன் டீனின் கணக்கு 57. எதிரணி ஆர்சனல். ஹாட்ரிக் அடித்து 60-ஐத் தொட்டார். ஆட்டம் 3-3 டிரா. லீக் பட்டம் எவர்டனுக்கு. அப்போது டீனுக்கு வயது 21தான்.

சம்பளம் எவ்வளவு?

கதையின் கசப்பான பகுதி இதுதான். அன்றைய லீக் விதிப்படி எவ்வளவு பெரிய ஸ்டாராக இருந்தாலும் வாரத்துக்கு 8 பவுண்டுக்கு மேல் சம்பளம் கிடையாது. எவர்டன் கொடுத்த 3,000 பவுண்ட் டிரான்ஸ்ஃபர் தொகை, அந்த உச்ச சம்பளத்தில் ஏழு வருஷத்துக்கும் மேலான கூலிக்குச் சமம். அது போனது வீரரை விற்ற கிளப்புக்கு.

சரி, வேறு கிளப்புக்கு மாறலாமே? அதுவும் முடியாது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் சம்மதித்தால்தான் வெளியேற முடியும். நோட்டீஸ் பீரியட் முடிந்தும் ரிலீவிங் லெட்டர் தராத கம்பெனி மாதிரி! சம்பள உச்சவரம்பு 1961-ல்தான் ஒழிந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பிடித்துவைக்கும் முறை தவறு என்று 1963-ல் நீதிமன்றம் சொன்னது.

பிறகு என்ன ஆனது?

1930-ல் எவர்டன் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. டீன் அணியோடு இருந்தார். 1931-ல் இரண்டாம் டிவிஷன் பட்டம், 1932-ல் முதல் டிவிஷன் பட்டம், 1933-ல் எஃப்.ஏ. கோப்பை என வரிசையாக வந்தன. வீரர்கள் எண் போட்ட சட்டை அணிந்த அந்தக் கோப்பை இறுதி ஆட்டத்தில் டீனின் முதுகில் இருந்தது 9. இங்கிலாந்துக்காக 16 ஆட்டங்களில் 18 கோல். எவர்டனுக்கு மொத்தம் 383 கோல். 1938-ல் நாட்ஸ் கவுன்டி கிளப்புக்குப் போனார்.

ஓய்வுக்குப் பிறகு செஸ்டரில் பப் நடத்தினார். 1980 மார்ச் 1 அன்று, எவர்டனின் குடிசன் பார்க் மைதானத்தில் லிவர்பூலுடனான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். கோல்களாகக் குவித்த அதே மைதானத்தில்.